அச்சேறிய வீட்டுப் பேச்சு

மார்ச் 4
விளம்பர மடிப்பிதழில் மூன்றாம் பக்கம் இன்னும் காலி. வீட்டு மேஜையில் வைத்துக்கொள்ளும் கணினியை முதன்முதலாக எங்கள் கம்பெனி கொண்டுவருகிறது. செய்பவர் என் கணவர். விற்க எழுதுபவள் நான்.

வாயே திறக்காத மனிதர், இன்று சாப்பிடும்போது மடை திறந்த மாதிரி பேசினார். "கரண்ட் போனாலும் அடிச்சது அழியாது, பாரேன்!" கை காய்ந்தது கூடத் தெரியவில்லை அவருக்கு. அந்த முகம் எனக்கு எவ்வளவு பிடிக்கும்!

மார்ச் 5
அதையே தலைப்பாகப் போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் எஞ்சினியர் கையெழுத்து, அதாவது அவருடைய கையெழுத்து, வேண்டும். "அவர் வாயால சொன்னதுதானே சார்" என்றேன். மேனேஜர் கையெழுத்து இல்லாமலே விட்டுவிட்டார்.

மார்ச் 19
இருபதாயிரம் பிரதிகள் வந்தன. அவருக்குக் காட்டலாமென்றால் லேபிலேயே குடியிருக்கிறார்.

மார்ச் 23
வெளியீட்டு விழா. முன்வரிசையில் ஒரு டாக்டரம்மா மடிப்பிதழைத் தூக்கிக் காட்டி, "பிளக்கைப் பிடுங்கிக் காட்டுங்களேன்" என்றார். மேடையில் இருந்த என் கணவர் அதை அப்போதுதான் பார்த்தார். "அது... அடுத்த மாடல்லதாங்க." கூட்டம் சிரித்தது.

பிறகு எல்லோர் முன்னாலும் மேனேஜர் கேட்டார்: "யாரு சொன்னது இதை?" நான்தான் விசாரிக்காமல் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "அவர்தான் சார் சொன்னாரு" — சொன்னது என் வாய்தான். ஏன்டி சொன்னே? வேலை போயிடும்னு பயமா?

மார்ச் 24
"நான் என் பொண்டாட்டிகிட்ட பேசினேன். கம்பெனிகிட்ட பேசல." அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 10
கணினி வேலையை அவரிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டார். எனக்கு அதைச் சொன்னது ரிசப்ஷன் பெண்.

ஜூலை 2
சண்டை இல்லை. பால் வந்ததா, கதவைப் பூட்டினாயா — இவ்வளவுதான் பேச்சு. புது வேலையைப் பற்றிக் கேட்டால் "போகுது" என்கிறார். மூன்றாவது முறையாக மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு" என்றார். அழுதேன். என்ன அழுது என்ன?

நவம்பர் 18
காலையில் மேனேஜர் வேறொரு கம்பெனியின் மடிப்பிதழை என் மேஜையில் போட்டார். "உங்க வீட்டுக்காரர் செஞ்ச மெஷினாமே! நாளைக்கு வெளியிடுறாங்களாம். ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன். பிறகு ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இத்தனை மாதமாக அவர் என்ன செய்தார் என்பது, ஊருக்குத் தெரிந்த மாதிரியே எனக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால், புதுச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஏதாவது விசேஷமாங்க?"

"ஒண்ணுமில்ல. ஆபீஸ்தான்."

காலர் ஒரு பக்கம் சுருங்கியிருந்தது. வாங்கித் தேய்த்துக் கொடுத்தேன்.