ஸ்டாப்பிங்கில் நின்ற கார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சின்ன விஷயத்துக்கெல்லாம் முறைத்துக்கொள்ளாமல் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. அது கிளட்ச் என்கிற சனியன் செய்த வேலை, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்பாய். நான் போனை எடுத்ததும் உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அந்தப் பேப்பரையும் அவர் படிப்பதில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறார். வீடியோவில் வந்தால் அப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறாரே என்று நீ கேட்டாயே, அதற்கும் பதில் இதுதான்.

அப்பாவுக்குக் கண்ணுக்குள்ளே நீர் கோத்திருக்கிறது. சர்க்கரையால் வந்தது. பக்கத்து நகரத்துக் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, மாதம் ஒரு ஊசி போட்டால் இருக்கிற பார்வை நிற்கும், தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும், போனது திரும்பாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வண்டியைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து கார் சாவியை ஆணியில் மாட்டினார், அன்றிலிருந்து அவராக வாசலைத் தாண்டவில்லை. பஸ்ஸில் போகலாம் என்றேன். அந்த வழியில் ஓட்டுகிறவர்கள் எல்லாம் அவருக்குக் கீழே பழகியவர்கள், அவர்கள் பார்க்கப் படியைத் தடவிக்கொண்டு ஏறமாட்டாராம். சரி என்று டாக்ஸி பிடித்தேன். பாதி வழி போவதற்குள் உன் அப்பா, அந்த டாக்ஸிக்காரர் கியர் மாற்றுகிற சத்தம் பொறுக்காமல், வண்டிக்கும் உயிர் இருக்கிறதப்பா என்று அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்து, அது வாய்ச்சண்டையாகி, இறங்கி வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். ஊசியும் இல்லை ஒன்றும் இல்லை.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், நீங்கள் எந்த வண்டியில்தான் வருவீர்கள் என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, நீ லைசென்ஸ் வாங்கி ஓட்டு, வருகிறேன் என்றார். சைக்கிளில் பின்னால் உட்காரவே பயப்படுகிறவள் நான் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் சொன்ன வார்த்தை. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் தைக்க வந்த துணிகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். பயம் எல்லாம் இருந்தது, ஆனால் அவர் தட்டில் பொரியலைத் தேடித் தடவுகிறதைப் பார்த்த பிறகு அந்தப் பயம் பெரிதாகத் தெரியவில்லை.

சொல்லிக்கொடுக்க ஒல்லியாக ஒரு வாத்தியார். பதற்றம் வந்தால் வாயில் ஒரு புதினா மிட்டாயைப் போட்டுக்கொள்வார், நான் சேர்ந்த பிறகு மிட்டாய் வாங்கி மாளவில்லை என்று கேள்வி. முதல் நாளே ஒரு கூத்து. என் தையல் மெஷின் மோட்டார் வைத்தது அல்லவா, அதில் பெடலை அழுத்தினால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அந்த நினைப்பிலேயே காரையும் ஓட்டினேன். எதிரே குப்பைத்தொட்டி வந்தது, நான் நிம்மதியாகக் காலை எடுத்துவிட்டு, நின்றுவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். அது நிற்கவில்லை, தன் பாட்டுக்குப் போகிறது. வாத்தியார் தன் பக்கத்து பிரேக்கை மிதித்ததால் தொட்டி பிழைத்தது. ஏன் பிரேக் போடவில்லை என்று கேட்டார். காலைத்தான் எடுத்துவிட்டேனே, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று நானும் கோபமாகவே கேட்டேன். அவர் இரண்டு மிட்டாய் போட்டுக்கொண்டார்.

இதை வீட்டில் வந்து சொன்னது என் தப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் உன் அப்பா குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வாத்தியாரின் கார் வந்ததும் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மனிதர் தானாகவே வாசலைத் தாண்டிவிட்டாரே என்று. அப்படியென்றால் இதே மாதிரி ஆஸ்பத்திரிக்கும் வரலாமே என்று மெதுவாகக் கேட்டேன். இது பயணம் இல்லை, செக்கிங் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தினமும் செக்கிங்தான். முன்னால் வாத்தியார் ஒன்று சொல்வார், பின்னாலிருந்து இவர் வேறொன்று சொல்வார், இவர் குரல்தான் பெரிது. மூன்றாம் நாளே வாத்தியார் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டார், காலை மட்டும் பிரேக் மேல் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அப்பா என்னைத் தன் பழைய பஸ் போகிற பாதையிலேயே கூட்டிப்போனார். அந்தச் சாலையின் வளைவும் மேடும் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், அதனால் பின்னால் இருந்துகொண்டே எல்லாம் சொல்வார். பஸ் வராத விடியற்காலையில் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் ஓரம் கட்டி நிறுத்தச் சொல்வார். நிற்கத் தெரிந்தவளுக்குத்தான் ஓட்டத் தெரியும் என்பது அவர் கட்சி. வண்டி நின்றது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது, கையில் தண்ணீர்க் குவளை இருந்தால் தளும்பக் கூடாது. நின்று, கண்ணாடி பார்த்து, கொஞ்சம் பொறுத்து, பிறகு எடுக்க வேண்டும். இங்கே எல்லாம் கார் நிறுத்தக் கூடாது என்று வாத்தியார் ஒரு தடவை முனகினார். தம்பி எத்தனை வருஷ சர்வீஸ் என்று அப்பா கேட்டார். வாத்தியார் மிட்டாயைத் தேடினார்.

மத்தியானத்தில் அப்பா சாலைக் குறிகளைக் கேட்பார். நான் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன், அவர் எதிரே உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார், இது என்ன என்பார், நான் சொல்வேன். தப்பு என்றால் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திட்டுவார். ஒரு நாள் ஒரு அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இது என்ன சொல்லு, சீக்கிரம் என்று அதட்டுகிறார். நான் சரியான விடையைச் சொன்னேன். ம், பரவாயில்லை என்றார். நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய் அழுதேன் பாப்பா. அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்ச அட்டைகளுக்கும் பதில் சொன்னேன்.

டெஸ்ட் நாள் வந்தது. டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி பெரிய மீசை, சிரிப்பே கிடையாது, மடியில் ஒரு ஃபைல். குறிகள் எல்லாம் கேட்டார், கடகடவென்று சொன்னேன். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், ஒரு அடி பின்னால் போகவில்லை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பிறகு ரோட்டில் நேராகப் போங்கள் என்றார். போனேன். எதிரே ஸ்டாப்பிங் வந்தது. நான் யோசிக்கவே இல்லை பாப்பா, கையும் காலும் தன்னால் வேலை செய்கிறது. ஓரம் கட்டி, குலுங்காமல் நிறுத்தி, கண்ணாடி பார்த்துப் பொறுத்தேன். அதிகாரி என்னைப் பார்க்கிறார், நான் ரோட்டைப் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்து அங்கே நின்றிருந்த ஒரு அம்மாள் கையில் இரண்டு காய்கறிப் பையோடு பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும்மா என்றார். ஷேர் வண்டி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, அழகாக நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அதிகாரி என்னிடம், எதுக்கும்மா இங்க நிறுத்தினீங்க என்று கேட்டார். ஸ்டாப்பிங் சார் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் திரும்பி அந்த அம்மாளை இறங்கச் சொன்னார். அவரோ, நீங்கள் முன்னால் வசதியாக உட்கார்ந்துகொண்டு பின்னால் காலியாக இருக்கிற இடத்தில் வருகிறவளை இறங்கச் சொல்கிறீர்களே, இது உங்கள் வண்டியா என்று பிடித்துக்கொண்டார். கடைசியில் அந்த அம்மாள் இறங்குவதற்குள் உண்மையான பஸ்ஸே பின்னால் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஃபெயில். மற்றதில் எல்லாம் ஒரு குறையும் இல்லை என்று அதிகாரியே சொன்னார், அதைச் சொல்லும்போது அவர் மீசை லேசாகத் துடித்தது, கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். உன் அப்பா முதலில் கேட்டது என்ன தெரியுமா, குலுங்காமல் நின்றதா என்று. நின்றது என்றேன். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது, அடுத்த நிமிஷம் அது அப்படியே வாடிப்போனது. ஆஸ்பத்திரியில் இருந்து அன்றைக்குக் காலையில்தான் போன் வந்திருந்தது, இந்த மாதமும் வராவிட்டால் டாக்டரம்மா எதற்கும் பொறுப்பில்லை என்று. அவருக்கும் அது தெரியும். சரி விடு, எனக்குக் கண் போனால் போகட்டும், உனக்கு இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உங்க பஸ்ஸ என் காலுக்குள்ள ஏத்தினது நீங்க. இறக்கிவிட வேண்டியதும் நீங்கதான். நாளைக்குக் காலையில வந்து வண்டியில உட்காருங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்து படுக்கப் போய்விட்டார்.

ஆனால் காலையில் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து டிரைவர் வேலையை விட்டுவிட்டுக் கண்டக்டர் ஆகிவிட்டார். ஸ்டாப்பிங் வருகிறது என்று தெரிந்ததும் பின்னாலிருந்து, ஆள் இல்லை, போலாம் ரைட் என்பார். என் கால் பிரேக்கைத் தேடும், அவர் இன்னும் சத்தமாக ரைட் ரைட் என்பார். வாத்தியாரும் சேர்ந்துகொண்டார். விடியற்காலையில் ஒரு காருக்குள் இரண்டு ஆண்பிள்ளைகள் ரைட் ரைட் என்று கத்திக்கொண்டு போவதைப் பார்த்து நடைப்பயிற்சி போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள். இரண்டாவது டெஸ்ட்டுக்கும் அதே மீசைக்காரர்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் பின் கதவு இரண்டையும் தானே பூட்டிவிட்டு ஏறினார். ஒவ்வொரு ஸ்டாப்பிங்கையும் நெருங்கும்போது அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதும், நான் வாய்க்குள்ளேயே போலாம் ரைட் என்று சொல்லிக்கொண்டு தாண்டுவதுமாக ஒரு வழியாக முடிந்தது. பாஸ் என்றார். அந்த ரோட்டிலேயே ஒரு பாட்டம் அழுதேன். வாத்தியார் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கே அப்பா அதை விரலால் தடவிப் பார்த்து, போட்டோ சரியாக இல்லை என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளில் டயரை உதைத்துப் பார்த்தார், தண்ணீர் ஊற்றச் சொன்னார், கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார், பிறகு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். போகும்போது வழி முழுக்கத் தன் வலது காலால், பிரேக் இருக்கிற நினைப்பில், கீழே விரித்திருந்த வெறும் மிதியடியை மிதித்துக்கொண்டே வந்தார், அந்த மிதியடி பிய்ந்து போகாதது ஆச்சரியம். ஊசி போட்டார்கள். வலி அதிகம் இல்லையாம். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள், விடாமல் வந்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்றார்.

திரும்பி வரும்போது அவருக்கு ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் சொட்டு மருந்து விட்டதால் ஒரே மங்கல். ஒன்றுமே தெரியாது. நான் பயந்துகொண்டே ஓட்டினேன். அவர் காலை மடக்கி வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார். பாலத்துக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறதே, பஸ்ஸில் போகிறவர்கள் தலை மேலே போய் இடிக்குமே, அதையும் தாண்டி நம் தெருவுக்குள் திரும்பிவிட்டோம். அப்போதுதான், பாலம் வந்துவிட்டதா என்று கேட்டார். வீடே வந்துவிட்டது என்றேன். "பள்ளத்த மூடிட்டாங்க போலிருக்கு" என்றார். ஆமாம் மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது பாப்பா, போன வாரம் பெய்த மழையில் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. வண்டியை விட்டு இறங்கும்போது, அடுத்த மாதம் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவராகவே கேட்டார். எனக்கு அது போதும்.

நீ கவலைப்பட்டு அலைந்துகொண்டு ஓடிவராதே, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார், அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் இரத்தமும் கண்ணும் சோதித்துவிட்டு எனக்குச் சொல். நாளைக்கு, அப்புறம் என்று இழுக்காதே, நீ உன் அப்பா மகள் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் குறையொன்றும் இல்லாமல், போகிற வழியெல்லாம் நல்ல வழியாக அமைந்து, சிரித்த முகத்தோடு நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு: கடிதத்தை ஒட்டப் போனவளிடம் அப்பா பேனாவைக் கேட்கிறார், தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம். என்னை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்கிறார். எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும், பொறுத்துப் படி.

பாப்பா, அம்மா ரொம்ப நல்லா ஓட்டுறா. என்னைவிட மெத்தென்று பிரேக் போடுறா. பள்ளம் மூடலை, எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லிடாதே.
அப்பா