கண்ணாடியில பாத்து வைச்ச பொட்டு

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
புரட்டாதி 1987

அன்புள்ள மாமிக்கு,

தம்பிக்கு இங்க நிரந்தரமாய் இருக்க அனுமதி கிடைச்சிட்டுது. மாணவர் விசா முடிஞ்சாலும் இனித் திருப்பி அனுப்பமாட்டினம். நீங்கள் பயமில்லாமல் நித்திரை கொள்ளலாம்.

"மூத்தவனைப் பறிகுடுத்திட்டன், இளையவனையாவது காப்பாத்து, அவனோட கடதாசியில மட்டும் கலியாணம் எழுது" எண்டு நீங்கள் கேட்டதாலதான் எழுதினனான். தம்பி இண்டைக்கும் என்னை அண்ணி எண்டுதான் கூப்பிடுறான்.

போன கிழமை விசாரணைக்குப் போகேக்க அவன் குங்குமம் வாங்கியந்தான். "விசாரிக்கிற வெள்ளைக்காரிக்கு விளங்காது அண்ணி. மொழிபெயர்க்க வாற தமிழாளுக்கு விளங்கும், வையுங்கோ" எண்டான். உங்கட மூத்தவர் பாக்கக்கூடாதெண்டு அவரின்ர படத்தைக் கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சிட்டு, கண்ணாடியில பாத்து வைச்சன்.

திரும்பி வரேக்க பஸ்ஸில ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை பக்கத்தில இருந்து கதைச்சவள். "மகள் பெரியபிள்ளையாயிட்டாள், சாமத்தியச் சடங்கு வைக்கிறம் அக்கா. இங்க ஆலாத்தி எடுக்கச் சுமங்கலியள் காணாது, நீங்கள் வருவியளோ?" எண்டு கேட்டவள். அவர் போனாப் பிறகு நல்ல காரியத்துக்கு என்னை ஆரும் முன்னுக்குக் கூப்பிட்டதில்லை மாமி. நான் ஓம் எண்டிட்டன்.

குங்குமம் முகம் கழுவினாப் போயிடும். விடிய எழும்பி நானேதான் திருப்பி வைக்கிறன். படம் இன்னும் அலுமாரிக்குள்ளதான் கிடக்குது.

இந்தப் பொட்டை அழிக்கட்டோ மாமி? நீங்கள் சொன்னால் அழிப்பன்.

சடங்கு வாற சனிக்கிழமை. உங்கட மறுமொழி அதுக்கு முன்னம் வந்து சேராதெண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேட்கிறன். அதை நினைக்கத்தான் எனக்கு வெக்கமாயிருக்கு.

உங்கட மருமகள்