அறை இசையில் உன் இடம்

இன்று காலை உன் பாசூன் பெட்டியைத் திறந்தேன். துடைக்கத்தான். மூடியைத் தூக்கியதும், நீ வாயில் வைத்து ஊதுகிற சீவாளி நனைந்து காய்ந்த வாசனை குப்பென்று வந்தது, கூடவே உங்கள் வீட்டு அடுப்புப் புகையும். நீ போய் ஒரு வருடமாகப் போகிறது, அந்தப் புகை இன்னும் போகவில்லை பார். சீவாளியை டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, "இது ஊறுற வரைக்கும் யாரும் என்கிட்ட பேசாதீங்க" என்பாய். அப்புறம் நீயே வாய் ஓயாமல் பேசுவாய். பெட்டியைச் சட்டென்று மூடிக் கட்டிலடியில் தள்ளிவிட்டேன்.

நாளை வேலூரிலிருந்து ஒருவர் வருகிறார், உன் இடத்தில் வாசிக்க. அவரிடம் சொந்த வாத்தியம் இல்லை. உன்னுடையதைத்தான் தர வேண்டும். தர எனக்கு மனசு வரவில்லை. தராவிட்டால் நம் குழு இல்லை. இப்படி மாட்டிக்கொண்டு நிற்பதை வேறு யாரிடம் சொல்ல?

எல்லாம் உன்னால் வந்தது. கல்லூரி பேண்டில் ஏதோ ஊதிக்கொண்டிருந்த எங்கள் நால்வரையும் இழுத்துவந்து, ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பாசூன் என்று ஐந்து பேராக உட்கார வைத்தவள் நீ. மேடை வேண்டாம், மைக் வேண்டாம், ஒரு அறை போதும் என்றாய். 'அறை இசை' என்று பெயரும் வைத்தாய். முதல் நிகழ்ச்சிக்கு மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் உன் ஊருக்கே கூட்டிப்போனாய். ஷேர் ஜீப்பிலிருந்து பெட்டிகளோடு இறங்கியதும் ஒரு அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"யார் வூட்ல சாவு?"

ஊதுகிற வாத்தியம் மலையேறினால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. வேறெதற்கு வரும்? நீ 'அறை இசை' என்று விளக்கப்போக, சாமை மூட்டை மேல் உட்கார்ந்திருந்த உன் மாமா, "அறையா? யாரை அறையப் போறீங்க?" என்றார். ஊரே சிரித்தது. ஆள் உயரத்துக்கு நீண்ட உன் பாசூன் குழலைப் பார்த்து, "இன்னாது, உலக்கையா?" என்றார் இன்னொருவர். நீ அசருவாயா? பள்ளிக்கூட அறையில் பாய் விரித்து எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாய்: "இது கல்யாணத்துக்கும் இல்ல, சாவுக்கும் இல்ல. சும்மா உக்காந்து கேக்கறதுக்கு."

அதுவே நம் சட்டமானது. எத்தனை கல்யாணக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள்! நீ மாட்டேன் என்றால் மாட்டேன்தான். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்றும் உங்கள் வாசலில் ஊர்க்காரர்கள்தான் மேளம் அடித்தார்கள். நாங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. "அவ சொன்னத மீறாதீங்க" என்று உன் அப்பாவே சொல்லிவிட்டார். கிளம்பும்போது உன் பாசூனை என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் சந்தவாசலில் எங்கள் உரக்கடை மாடி அறையில்தான் வாசிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நான்கு பேர். நீ தனியாக வாசிக்கும் பகுதி வந்தால் யாரும் ஊதுவதில்லை. மனசுக்குள் உன்னை ஓடவிட்டு, முடிந்ததும் தொடர்வோம். யாரும் பேசி முடிவு செய்ததில்லை. முதல் நாள் அப்படி ஆகிப்போனது, பிறகு நிறுத்தத் தெரியவில்லை. கேட்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். உனக்குச் செய்கிற மரியாதை என்று எங்களுக்கும் நினைப்பு. உண்மையைச் சொல்லட்டுமா? மூச்சு முட்டுகிறதடி. விட்டுவிட்டு ஓடலாம் என்றால் உன்னையே விட்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது. உட்கார்ந்தாலோ, அந்த மௌனம் எப்போது வரும் என்று முதல் வரியிலிருந்தே பயந்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் உன் அப்பா வந்தார். எனக்கென்று ஒரு பை புளி. மாடியேறி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இது கல்யாண வூடும் இல்ல, சாவு வூடும் இல்லம்மா. நான் சும்மா உக்காந்து கேக்க வந்துகிறேன். வாசிங்க."

வாசித்தோம். உன் இடம் வந்தது. நான்கு பேரும் நிறுத்தினோம்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"அது அவ வாசிக்கிற இடம்பா. அவளுக்காக உட்டு வெச்சிருக்கோம்."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"போதும் கண்ணு. இது சாவு வூட்டு வாசிப்பு. அது வேணான்னுதானே அவ சொன்னா?"

யாரை அறையப் போறீங்க என்று உன் மாமா கேட்டாரே, உன் அப்பாவின் சொல் எங்களைத்தான் அறைந்தது. நீ எதைச் செய்யாதே என்றாயோ அதையே அந்த அறைக்குள் இத்தனை நாளும் உனக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறோம். அன்று சாயங்காலமே வேலூருக்குப் பேசினோம்.

எழுதிக்கொண்டிருந்தவள் இப்போது எழுந்துபோய் உன் பெட்டியை மறுபடி வெளியே இழுத்துவிட்டேன். துடைத்தும் ஆயிற்று. நாளை உன் இடத்தில் வேறொருவர் மூச்சு ஓடும். அதைக் கேட்டுவிட்டு என்னால் தொடர்ந்து வாசிக்க முடியுமா, தெரியவில்லை. ஜன்னலையாவது திறந்து வைக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் கத்தினால் கத்தட்டும். பாசூன், பெட்டி, துடைக்கிற துணி, ஊறப் போடும் உன் டம்ளர், எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். சீவாளி அவரவர் வாய்க்கென்று வைத்திருப்பது, அவருடையதை அவர் கொண்டுவருவார்; உன்னுடையதை மட்டும் எடுத்து என் கிளாரினெட் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அது உன் வாய் பட்டது. ஒருத்தருக்கும் தர மாட்டேன், போடி.