ஆயிரத்து நானூற்றில் வரும் உதறல்

நாள் 212, 09:10
வியாழனின் நிலவு கனிமீட், பனித்தளம் மூன்று. எழுதுவது ரெஜினா, இயந்திரப் பணியாளர். தளத்தில் நான் ஒருத்திதான். காற்றுப் பம்பின் தண்டு விரிசல் விட்டு நின்றுவிட்டது. இருப்புக் காற்று முப்பது மணி நேரத்துக்கு. லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் புதுத் தண்டு கடைய வேண்டும். லேத் மோட்டாரை நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்றில் வைத்தால் உதறுகிறது. கூட்டினாலும் குறைத்தாலும் அடங்கிவிடுகிறது. மேலே சுற்றும் கப்பலுக்குத் தெரிவித்தேன்.

11:40
தலைமைப் பொறியாளர் வைத்தியலிங்கத்தின் பதில்: "ஏம்மா, போல்ட்ட நல்லா டைட் வச்சியா?"
இருபத்தாறு வருடம் ஸ்பானர் பிடித்தவளிடம் கேட்கிறார். அவர் கடைசியாக முறுக்கியது ஊறுகாய் பாட்டில் மூடியாக இருக்கும்.

14:05
பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினேன். அப்போதும் உதறல். ஓடும்போதே மின்சாரத்தை நிறுத்தினேன். மின்கோளாறு என்றால் உதறல் அந்தக் கணமே நின்றிருக்கும். நிற்கவில்லை, சுற்று குறையக் குறையத்தான் தணிந்தது.
"டிரைவ மாத்திப் பாரும்மா."
மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பெட்டிக்கு மாற்று இங்கே இல்லை. வேண்டாமென்று பட்டியலில் அடித்தவர் அவர்தான்.

17:30
மோட்டாரில் வைத்த கையை லேத்தின் காலுக்கு இறக்கினேன். பிறகு தரைக்கு. தரைதான் அதிகம் ஆடுகிறது. துளை போட்டேன். ஒன்றரை மீட்டரில் துரப்பணம் வெறும் வெளியில் இறங்கியது. கீழே பனி இல்லை; வெற்றிடத்தின் மேல் நிற்கும் தரை அந்த ஒரு வேகத்துக்கு மட்டும் சேர்ந்து ஆடுகிறது.

18:15
"அந்தப் பள்ளம் சர்வேயிலயே தெரிஞ்சதும்மா. வேற எடம் பாத்தா ஒரு வருஷம் இழுத்திருக்கும். நீ பதறுவேன்னுதான் சொல்லல."
என்ன கரிசனம்.

நாள் 213, 06:20
அறுநூறு சுற்றில் பொறுமையாகக் கடைந்தேன். தண்டு கச்சிதம். பம்பு ஓடுகிறது. அதற்கு ஒரே வேகம்தான்: ஆயிரத்து நானூறு. பழைய தண்டு ஏன் விரிசல் விட்டது என்று இப்போது தெரிகிறது.

08:50
லேத்தின் டிரைவைப் பம்புக்கு மாட்டி வேகத்தைக் குறைக்கப் பார்த்தேன். பம்பு மோட்டார் பெரியது. டிரைவ் புகைந்து செத்தது. மறுபடி நேரடி மின்சாரம், அதே ஆயிரத்து நானூறு. தரையில் தலைமுடி அளவு கோடு.

09:30
கப்பலில் மீட்பு ஓடத்தைத் தயார் செய்து இறக்க இரண்டு நாளாம்.
"பம்ப நிறுத்தும்மா. தளமே எறங்கிடும். எவ்ளோ பெரிய கட்டடம் தெரியுமா?"
நான் எதைச் சுவாசிப்பது என்று கேட்டேன். கூட்டம் போட்டுச் சொல்கிறார்களாம்.

16:00
மணிக்கு இருபது நிமிடம் மட்டும் ஓட்டுகிறேன். கோட்டில் இப்போது விரல் நுழைகிறது. அழுதேன். இதை அவரிடம் சொல்ல மாட்டேன்.

நாள் 214, 07:45
லேத் பள்ளத்துக்குள் போய்விட்டது. விழுந்த சத்தமே கேட்கவில்லை. தளத்துக் காற்றும் வெளியேறிவிட்டது. விண்வெளி உடுப்புக்குள் இருக்கிறேன், மூன்று மணி நேரக் காற்று.
கப்பலில் கூட்டம் இன்னும் முடியவில்லை.

10:31
இதைப் படிப்பவருக்கு. தெற்கே சமதளமாகத் தெரிவது இதே பள்ளத்தின் மேல் நிற்கும் வெறும் மேலோடு. ஓடத்தை அங்கே இறக்காதீர்கள். ஓட்டுநர் கஸ்தூரி நல்ல பெண், அவளிடம் சொல்லுங்கள். வைத்தியலிங்கமும் வருகிறாராம். நம்பாமல் அடம் பிடித்தால், அவரை மட்டும் முதலில் இற