தகர மாப்பிள்ளை

நாள் 412. மாலை 6.20
வெப்பம் 24. ஈரம் 90. பெண் தவளை 5. தகரம்: ஓடுகிறது.

இல்லை கோமதியம்மா, நான் அப்படித்தான் எழுதுவேன். 'ஒலி அழைப்பான்' என்று எழுத என் கை வளையாது. மேல்வரியில் தகரம் என்று போட்டதற்கா இத்தனை சண்டை? குறிப்பேட்டில் குசும்பு கூடாது, உள்ளது மட்டும் வர வேண்டும் என்றீர்கள். உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன். தட்டிப் பார்த்தேன், காலி எண்ணெய் டின் மாதிரிதான் சத்தம் வந்தது. நீங்கள் எப்படியும் மேல்வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். கீழே இருப்பது என் ராஜ்யம்.

கீழே படிக்கிற புண்ணியவானுக்கு: என் பெயர் மாசானம். வயது அறுபத்தெட்டு. ஆறாம் வகுப்பு, அதுவும் பாதி. முன்பு பாபநாசம் மலையில் காட்டுக் காவல், இப்போது பதினோரு வருடமாக நிலாவில் இந்தக் கண்ணாடிக் காட்டுக்குக் காவல்; மேலே போட்ட நாள் கணக்கு இந்தக் குறிப்பேட்டுக்கு மட்டும். இங்கே கட்டைவிரல் அளவு மரத்தவளை இருக்கிறது. பூமியில் அந்த இனம் அற்றுப்போய்விட்டது. அங்கே அதைக் கொன்ற பூஞ்சை நோய் உள்ளே வராமல் இருக்கக் கதவைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் உள்ளே. தவளை டாக்டர் கோமதியம்மா வெளியே. நடுவில் ஒரு கண்ணாடி, ஒரு மைக்.

காற்றாடி இரைச்சலில் பிறந்து வளர்ந்த ஆண் தவளைகள் இங்கே வாயைத் திறப்பதில்லை. கூப்பிட ஆளில்லாமல் பெண் எப்படி வரும்? அதனால் ஆண்கள் இருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கூப்பிடுவேன். டிரிக், டிரிக், டொக். கடைசி 'டொக்'குக்கு நாக்கு முன்பல்லில் அடிக்க வேண்டும். அந்தப் பல் இரண்டும் மூன்று மாதம் முன்னால், பூமியிலிருந்து வந்த கோவில்பட்டி கடலை மிட்டாயோடு போய்விட்டன. பிறகுதான் என் இடத்துக்குத் தகரம் வந்தது, தவளைக் குரலில் கத்துகிற பெட்டி.

நான் கூப்பிட்ட காலத்தில் கோமதியம்மா கண்ணாடிக்கு அந்தப்புறம் ஸ்டூல் போட்டுக் கட்டஞ்சாயாவோடு உட்கார்ந்து கேட்பார். நன்றாக வந்தால் கண்ணாடியில் ஒரு தட்டு. பதினோரு வருடமாக எனக்குக் கிடைத்த பதக்கம் அது. இன்று தகரத்துக்கு இரண்டு தட்டினார்.

நாள் 415. பகல் 1.40
வெப்பம் 31. ஈரம் 84. பெண் தவளை 4. சிலந்தி: ஒன்று பார்த்தேன்.

மேல்வரியில் அவ்வளவு போதும். மீதி இங்கே.

உள்ளங்கை அகலச் சிலந்தி. பழுப்பு நிறம். பூமி மண்ணோடு முட்டையாக வந்தது. கரப்பானைத் தின்னட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம். இன்று அது தையல் வேலை செய்துகொண்டிருந்தது. பக்கத்துப் பக்கத்து இலை இரண்டை இழுத்து, ஓரம் சேர்த்து, மூன்று பக்கம் தைத்து ஒரு பக்கம் திறந்து விட்டிருக்கிறது. தலையணை உறை மாதிரி. கையை விட்டுப் பார்த்தேன். வெளியே கொதிக்கிறது, உள்ளே மண்பானை மாதிரிக் குளிர்ச்சி. அடியில் புளியங்கொட்டைத் தோல் போல ஏதோ கிடந்தது. எடுத்துப் பார்த்தால் தவளையின் கால்.

தகரத்துக்கும் அந்த உறைக்கும் மூன்று சாண் தூரம்.

ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. நான் கூப்பிடும்போது, பெண் பக்கத்தில் வந்ததும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். தொழிலில் பாதி அதுதான். கூப்பிட்டவன் மறைந்தால்தான் அது நாலு பக்கமும் பார்க்கும், ஊமை மாப்பிள்ளையில் ஒருவனாவது கண்ணில் படுவான். தகரத்துக்கு நிறுத்தத் தெரியாது. விடிய விடியக் கத்துகிறது. பெண் தகரத்தின் மேலேயே சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறது. காலையில் விளக்குகள் எரிந்து சூடு ஏறும்போது, பக்கத்தில் எந்த நிழல் தெரிகிறதோ அதற்குள் ஓடுகிறது. அந்த நிழலைத் தைத்து வைத்தவள் உள்ளே காத்திருக்கிறாள்.

தகரத்தை அணைக்கிற பொத்தான் கோமதியம்மா பக்கம் இருக்கிறது. மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

நாள் 418. மாலை 6.45
வெப்பம் 25. ஈரம் 89. பெண் தவளை 2. தகரம்: வெகு ஜோராக ஓடுகிறது.

இன்று மைக்கில் வந்தது, வார்த்தை மாறாமல்:

"எண்ணிக்கை குறையுதே அண்ணாச்சி. எங்க போகுதுன்னு ஒண்ணும் தட்டுப்படலயா? கூப்பிடுறது என்னவோ நல்லாத்தான் கூப்பிடுது. நேத்து கேட்டப்போ எனக்கே எந்திரிச்சு உள்ள வந்துரலாமான்னு இருந்துச்சு."

பதினோரு வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். உள்ளே வரலாமா என்று ஒரு நாள் தோன்றியதில்லை இந்த அம்மாவுக்கு.

என் பதில்:

"என்னைய ஏன் கேக்கீய? மாப்பிள்ளையக் கேளுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாயை மூடிச் சிரித்தேன், பல் தெரியாமல்.

என் கணக்கு இதுதான். தகரம் தோற்கட்டும். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அண்ணாச்சி, நீங்க இல்லாம ஆகாது என்று ஒரு தடவை சொல்லட்டும். சொன்ன மறு நிமிடம் உறையைக் காட்டுவேன். இரண்டு இருக்கிறதே, போதும்.

நாள் 420. பகல் 12.15
வெப்பம் 32. ஈரம் 80. பெண் தவளை 1.

ஒன்று.

மூக்கோரம் வெள்ளைப் புள்ளி உள்ளவள். மூக்குத்தி என்று பெயர் வைத்திருந்தேன். வயிறு கண்ணாடி மாதிரி, உள்ளே முட்டைகள் ஜவ்வரிசியாகத் தெரிகின்றன. இன்னும் மூன்று நாலு நாளில் இடுவாள்.

காலையில் கத்தரியோடு போய் உறையைப் பிரித்துப் போட்டேன். பதினோரு மணிக்குள் சிலந்தி இரண்டு உறை தைத்துவிட்டாள். இங்கே எடை குறைவு. இலைக்கு இலை அவள் தாவுவது பறப்பது மாதிரி இருக்கிறது, பிடிக்கப் போனால் கைக்குச் சிக்கவில்லை.

பிளாஸ்டிக் கரண்டியை அரத்தால் தேய்த்துப் பல் செய்து கோந்தால் ஒட்டிக்கொண்டேன்.

நாள் 420. மாலை 6.30

டிரிக், டிரிக், தொப்.

தொப். ஈரத்துணியைக் கீழே போட்டது மாதிரி. ஆனாலும் மூக்குத்தி திரும்பினாள். என் பக்கம் ஒரு தாவு தாவினாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படி அடிக்கவில்லை. அதற்குள் தகரம் டொக் என்றது. மழை நின்ற பிறகு மூங்கிலில் சொட்டும் பாருங்கள், அந்த டொக். என்னைப் பார்த்த கண்ணோடே அப்படியே அங்கே போய்விட்டாள்.

அதற்கு வாயும் கிடையாது, பல்லும் கிடையாது. எப்படி வருகிறது அந்த டொக்?

நாள் 421. மாலை 6.50
பெண் தவளை 1.

இன்று சொல்லிவிடுவது என்று மைக் பக்கம் போனேன். பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று தகரத்தைத்தான் முதலில் திட்டினேன். உங்கள் மாப்பிள்ளைக்கு யார் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது, எந்த ஊர்ப் பொறுக்கி என்று கேட்டேன். கோமதியம்மா சாயா டம்ளரை ஒரு தடவை கையில் உருட்டினார். பிறகு:

"அது உங்க கொரல்தான் அண்ணாச்சி. நாப்பது வருசத்துக்கு முன்ன யாரோ மலையில வந்து டேப்பில பிடிச்சது. பழைய சேமிப்புல கெடந்துச்சு. பெட்டி வந்த அன்னைக்கே சொல்லியிருப்பேன். பல்லு போன சங்கடத்துல இருந்தீங்க, நொந்துருவீங்களோன்னு விட்டுட்டேன். நான் அன்னாடம் வந்து உக்காந்து கேட்டது யாரைன்னு நெனச்சீங்க?"

ஞாபகம் வந்தது. இருபத்தெட்டு வயது. மழைக்கோட்டு போட்ட ஒருவர் கையில் கருவியோடு வந்தார். ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, தவளை மாதிரிக் கத்து என்றார். கத்தினேன். முப்பத்திரண்டு பல்லோடு கத்தினேன்.

கோமதியம்மா போன பிறகும் தொட்டி ஓரம் உட்கார்ந்து கேட்டேன். என்ன குரல். எத்தனை திமிர் அந்தப் பயலுக்கு. அவன்மேல் வந்த பொறாமை தகரத்தின்மேல்கூட வரவில்லை. பொறாமைக்கு நடுவே ஒரு பெருமையும் வந்தது, அதுதான் கெடுத்தது. உறையைப் பற்றிச் சொன்னால் உடனே அணைத்துவிடுவார். இன்று ஒரு நாள் அவன் பாடட்டும். விளக்கு எரிவதற்கு முன்னால் போய் மூக்குத்தியைக் கையில் எடுத்துக்கொண்டால் ஆயிற்று.

நாள் 422. காலை 7.05

கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். விளக்கு முகத்தில் அடித்த பிறகுதான் விழித்தேன்.

மூக்குத்தி தகரத்திலிருந்து இறங்கி இலைக்கு வந்திருந்தாள். உறையின் வாயில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஓடினேன். நிலாவில் ஓடக் கூடாது. பதறி ஓங்கி மிதித்தேன், ஆளைத் தூக்கிக் கூரைக் கம்பியில் அடித்தது. இறகு மாதிரி மெதுவாக இறங்கினேன். இறங்குகிற நேரம் முழுக்க மேலிருந்து எல்லாம் தெரிந்தது. உள்ளே போனாள். இலை ஒரு தடவை உப்பியது. பிறகு அசையவில்லை.

பிரித்துவிட்டேன். சிலந்தி விட்டுவிட்டு ஓடியது. மூக்குத்தி என் கையில் இருக்கிறாள். கால் இரண்டு முறை நீண்டது.

பெண் தவளை 0.

காலை 7.15

கோமதியம்மா சாயாவோடு வந்து உட்கார்ந்தார். என் நெற்றி ரத்தத்தைப் பார்த்து எழுந்தார். கையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். உறை, கால், மூன்று சாண். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்த நாள்லருந்து ஒங்களுக்குத் தெரியும்?"

"நானூத்திப் பதினஞ்சு."

"அன்னைக்கு நாலு இருந்துச்சு."

"இருந்துச்சு."

டம்ளரை ஸ்டூலில் வைத்தார். தகரத்தை அணைத்தார். குரல் டிரிக்கில் நின்றுவிட்டது, டொக் வரவில்லை.

காலை 7.19

மைக் இன்னும் திறந்துதான் இருக்கிறது. பேசிக்கொண்டே எழுதுகிறேன். நீங்கள் என்னைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன் அம்மா, அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. அன்றாடம் வந்து என்னைத்தான் கேட்டீர்கள் என்று தெரிந்திருந்தால்

நடக்க ஆரம்பித்துவிட்டார். தாழ்வாரம் நாற்பது அடி. முதுகு தெரிகிறது.

கூப்பிட்டவன் ஒரு இடத்தில் வாயை மூட வேண்டும். தெரியும். தொழிலே அதுதான்.

காலை 7.21

மூடவில்லை. கூப்பிட்டேன். டிரிக், டிரிக், தொப். அந்த தொப்புக்காவது சிரித்துத் திரும்புவார் என்று. திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

இலை அசைந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில். வந்துவிட்டாள், எட்டுக் காலோடு. குரல் எங்கேயோ அங்கே சாப்பாடு என்று இத்தனை நாளில் படித்துவைத்திருக்கிறாள். ஒரு இலையைப் பிடித்து மறு இலைப் பக்கம் இழுக்கிறாள். பதினோரு வருடத்தில் என் வாய்க்கு இவ்வளவு சுருக்காக வந்தது இவள் ஒருத்திதான்.

கோமதியம்மா, இன்னும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்த டேப் எடுத்த அன்றைக்கு நான்

தாழ்வாரக் கதவு மூடிக்கொண்டது.