வாயில்லாத விருந்தாளிக்குக் காப்பி

இன்று கடலூர்ப் பேருந்தில் ஓர் அம்மாள் கூடை நிறைய முந்திரிப்பழம் ஏற்றினார். அந்தப் புளித்த வாடை சிதம்பரம் வரை மூக்கை விடவில்லை. எனக்கு உன்மேல்தான் எரிச்சல் வந்தது.

கல்லூரி விடுமுறையில் திருவந்திபுரத்தில் உன் வீட்டுக்கு வந்தால் ஒரு பகலாவது உட்கார விட்டிருக்கிறாயா? பின்பக்கத்து முந்திரித் தோப்புக்கு இழுத்துப் போவாய். அழுகிய பழத்தில் இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும், சருகு நிறத்துச் சின்னப் பட்டாம்பூச்சியைப் பார்க்க என் துப்பட்டாவை மண்ணில் விரித்துப் படுப்பாய். "புளிச்ச சாறு உறிஞ்சற குடிகாரன்டி இவன். பெரிய நிலா அந்துப்பூச்சி இருக்கு பாரு, அதுக்கு வாயே கெடையாது. புழுவா இருக்கறப்ப தின்னதுதான். ஒரு வாரம் பட்டினியா பறந்து, முட்ட வெச்சிட்டு செத்துடும்." பசிக்கிறது என்று நான் கத்தினால், "இருடி, வந்துடறேன்." வர மாட்டாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று அந்தப் பெரியதுதான் வந்து உன் படத்துக்குப் பக்கத்தில் இறக்கையை அகல விரித்து உட்கார்ந்திருந்தது. வெளிர்பச்சை, நீண்ட வால், முட்டையால் உப்பிய வயிறு. உன் மாமா ஜன்னல்களைச் சாத்தினார். "புள்ள வந்திருக்கு. யாரும் தொடாதீங்க." உன் அம்மா அதன் முன்னால் காப்பி வைத்தார். "சக்கர ஜாஸ்திதான் போட்டிருக்கேன், குடி."

"அம்மா, அதால குடிக்க முடியாது. வெளிய விட்டாதான் ஜோடி சேந்து முட்ட வெக்கும்" என்றேன்.

"நீ படிச்சவ, சும்மா இரு" என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ வந்தாலும் பட்டினி கிடக்கிற உருவத்திலா வருவாய்?

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்ததும் அதைச் செய்தித்தாளில் ஏற்றி முந்திரி மரத்தில் விட்டு வந்தேன். கை கழுவி வந்த உன் அம்மா வெறும் சுவரைப் பார்த்தார். "போயிட்டாளா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா?"

மருத்துவமனையிலும் நீ அவரிடம் சொல்லவில்லை. உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவை மூடும்போது என்னிடம் மட்டும், "இருடி, வந்துடறேன்." உனக்காகப் பதில் சொல்ல நானா கிடைத்தேன்?

"வந்துடறேன்னு சொன்னாம்மா" என்றேன். பூச்சியைப் பற்றி அது பொய். உன்னைப் பற்றி உண்மை. அவர் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கூடைக்கார அம்மாளிடம் வாங்கிய ஒரு பழம் இப்போது என் அறை ஜன்னலில் இருக்கிறது. "என்னாம்மா இது நாத்தம், ஈ மொய்க்குது" என்று வீட்டுக்கார அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். நகரத்துக்குள் அந்தச் சின்னக் குடிகாரன் வர மாட்டான். தெரியும். நீயும் வர மாட்டாய். ஜன்னலைச் சாத்தவும் விட மாட்டாய்.