உங்களை மாற்றிய ஒரு நோயாளி

நவ. 5, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. ஆனையூர் பஸ் முழுக்க ஈரக்குடை.

அமெரிக்காவில் டாக்டர் மேல்பயிற்சிக்கு எழுதிப்போட்ட ஐந்து ஆஸ்பத்திரிகளில் நாலு "வருந்துகிறோம்". மிச்சம் ஒன்று. விண்ணப்பப் பாரம் மட்டும் போதாதாம், கட்டுரையும் வேண்டுமாம்: "உங்களை மாற்றிய ஒரு நோயாளி." சனிக்கிழமை தபாலில் சேர்த்தாக வேண்டும்.

யாரை எழுத? பெட் 9 காமாலை. பெட் 14 பாம்புக்கடி. இத்தனை நாள் வார்டில் டியூட்டி பார்த்து ஒரு பெயர்கூடவா ஞாபகமில்லை? சே.

அப்பா: "இதுவும் இல்லேன்னா தையில கல்யாணம். அம்புட்டுத்தான்."

நவ. 6, செவ்வாய்
கட்டுரையில் புளுகிவிட்டேன். பரவைச் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பொன்னம்மா. எல்லோரும் ஆஸ்துமா என்றார்களாம். நான்தான் ஸ்டெதஸ்கோப் வைத்து இதய வால்வுக் கோளாறு என்று கண்டுபிடித்தேனாம். ஆபரேஷன் முடிந்து, கூடை நிறையக் காயோடு வந்து என் கையைப் பிடித்து அழுதாளாம். வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

வாங்க: ஏர்மெயில் கவர், அம்மாவுக்குத் தைலம்.

நவ. 7, புதன்
டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் கட்டுரையை அடிக்கக் கொடுத்தேன். செல்வராஜ் அண்ணன் அடித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"டாக்டரம்மா, என் வீட்டுக்காரிக்கும் இதே மாதிரிதான். ரெண்டு வருஷமா ஆஸ்துமா மாத்திரை. நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். நீங்க பாத்தா போதும்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்ல?

நவ. 8, வியாழன்
அவர் மனைவி மல்லிகா. வயது முப்பத்தொன்று. கால் வீக்கம், உதடு நீலம். ஸ்டெதஸ்கோப் வைத்தேன். வால்வுதான். பெரிய டாக்டரிடம் ஓடினேன். பார்த்துவிட்டு, "ரொம்ப லேட்டும்மா. ஆபரேஷன் தாங்காது. அட்மிட் பண்ணு."

வெளியே அண்ணன் சிரித்த முகமாக. "அந்தப் பரவை அம்மா அட்ரஸ் குடுங்க. ஒரு எட்டு வந்து பேசுனா இவளுக்குத் தைரியம் வரும்ல?"

"விசாரிச்சுச் சொல்றேண்ணே." ஐயோ, இன்னொரு பொய். பாத்ரூமில் போய் அழுதேன்.

நவ. 9, வெள்ளி
வெயில். பொன்னம்மாவைக் கிழித்தாச்சு. மல்லிகாவை எழுதினேன், என் புளுகையும் சேர்த்து. பெட் 22 இல்லை, மல்லிகா. வலது கன்னத்தில் மச்சம். அந்த மூச்சிறைப்பிலும் "டாக்டரம்மா, சாப்டீகளா?" என்கிறாள்.

நாளை தபால். டைப் அடித்துத்தான் அனுப்ப வேண்டும்.

வார்டு வாசலில் அண்ணன் என் கையில் தாளைப் பார்த்துவிட்டார். "மாத்தி எழுதிருக்கீகளா? குடுங்கம்மா, இப்பவே போயி அடிச்சுத் தாரேன்."

மூன்றாவது பத்தியில் மல்லிகா பிழைக்கமாட்டாள் என்று இருக்கிறது. அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.